நேற்றுப் பொரிந்த பெட்டி

குஞ்சுப் பொரிப்பகத்தில் என் சித்திக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். குஞ்சின் சிறகை விசிறிபோல் விரித்து ஒரு பார்வை பார்ப்பாள். இறகின் கீழ்வரிசை நீண்டிருந்தால் பெட்டை. இரண்டு வரிசையும் சமமாக இருந்தால் சேவல். பெட்டைகள் நிறைந்த பெட்டியின் மூடியில் பச்சை மையால் ஒரு சுழி போடுவாள். அவள் சுழி இல்லாத பெட்டி வண்டியில் ஏறாது.

ஐந்து வருடம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கிய வாரம், ஒரு புகார் வந்தது. பெட்டை என்று வாங்கிப்போன நூறில் முப்பது கூவுகிறதாம். மேனேஜர் மன்னிப்புக் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் சித்திக்கு வேலை இல்லை. சாப்பாடு கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"வயசாயிடுச்சுக்கா. கண்ணு மங்கியிருக்கும். ஒத்துக்கிட்டா முடிஞ்சது."

"உங்க மீசையில ஒட்டியிருக்கற முட்டை வரைக்கும் நல்லாத் தெரியுது தம்பி."

குஞ்சு பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மேனேஜர் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு நாள் தாண்டினா சேவலுக்கும் கீழ் இறகு வளந்துடும், பெட்டை மாதிரியே தெரியும். வண்டி வராம குஞ்சு ஒரு நாள் தங்கினப்போ அதைச் சொன்னேனா இல்லையா? 'பழகின கைதானே, பாத்துப் போடுங்க'ன்னீங்க. போட்டேன். அந்தச் சுழிதான் நான் பண்ண தப்பு. அதை எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"கதை விடாதீங்க. இன்னைக்குப் பெட்டியில சேவல் பெட்டை பிரிங்க முதல்ல."

சித்தி ஒரு குஞ்சை எடுத்தாள். சிறகை விரித்தாள். திரும்ப வைத்தாள்.

"இதுவும் நேத்துப் பொரிஞ்சது."

"பெட்டிச் சீட்டுல இன்னைக்குத் தேதிதானே இருக்கு?"

பொரிப்பு மெஷின் பார்ப்பவர் தலையைச் சொறிந்தார். "நீங்கதானே சார் தேதியை மாத்தச் சொன்னீங்க?"

இந்த முறை சிரிக்க யாரும் குனியவில்லை.

சித்தி மூடியில் சுழி போடவில்லை. 'நேற்றுப் பொரிந்தவை, பிரிக்கவில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மேனேஜர் மேசையில், அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தாள்.

"இன்னைக்குப் பொரிஞ்சது இருந்தாக் கொண்டாங்க. இல்லேன்னா என் கணக்கை முடிங்க, நான் கிளம்பறேன்."

மேனேஜர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே நூறு குஞ்சும் கத்திக்கொண்டிருந்தன. மெஷின்காரர் அவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. ஈரம் காயாத குஞ்சுகள் இருந்த பெட்டியைச் சித்தியின் முன்னால் தள்ளினார்.

சித்தி விளக்கைத் தாழ்த்தி இழுத்துக்கொண்டாள்.