முதலில் போன நாய்

2012இல் சிட்னிப் புறநகரான கிரவீனில் நாங்கள் நான்கு பேர் இருந்த வாடகை வீட்டுச் சுவரில் ஒரேயொரு படம் தொங்கியது. யாரோ தெருவோரம் எறிந்ததை நான்தான் தூக்கி வந்தேன். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம். ஐரோப்பாவில் எங்கோ உள்ள கல்பாலம்.

எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்த வெள்ளைக்கார அன்ரி அதைக் கண்டதும் கதை சொல்லத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பாலத்தைக் கட்டிக் கொடுத்தது ஒரு பேய். அதை முதலில் கடக்கும் உயிர் தனக்கு வேண்டும் என்றதாம். ஊரார் பாண்துண்டை எறிந்து ஒரு நாயை முதலில் ஓடவிட்டார்களாம். மனித உயிரை எதிர்பார்த்திருந்த பேய் ஏமாந்துபோனது.

அன்ரி சிரித்தார். நானும் சிரித்தேன். படகில் வந்து, அகதி விண்ணப்பத்தின் முடிவு தெரியும்வரை கொடுக்கும், குடும்பத்தைக் கூப்பிட முடியாத பிரிட்ஜிங் விசாவில் இருந்த என் அறைத்தோழன் சிரிக்கவில்லை.

"வீட்டில என்னைத்தான் முதல் அனுப்பினவை, அண்ணை. அந்த நாய்க்கு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ."

கேட்டேன். கதையில் அது இல்லையே என்றார் அன்ரி. இத்தனை காலம் சொன்ன கதையில் ஒருவருக்குமா அதைக் கேட்கத் தோன்றவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. நானும் சிரித்தவன்தான் என்பது பிறகே உறைத்தது.

"அக்கரைக்குப் போய்ச் சேர்ந்திட்டுதாம்," என்று அவனுக்கு மொழிபெயர்த்தேன்.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிறகு தன்ர ஆக்களைக் கூப்பிட்டுதோ?"

அதை நான் அன்ரிக்கு மொழிபெயர்க்கவில்லை.