குறையில்லாத வண்டி, குற்றமுள்ள கம்பெனி

அப்பீல் கோர்ட்டில் தீர்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம் என்று தீவனக் கடைக்காரரின் மைத்துனி சொன்னதாக, முடி வெட்டிக்கொள்ள வந்த டுவைட் சொன்னான். வெர்னா ஸ்டிக்லியின் கத்தரிக்கோல் அவன் காதோரம் அப்படியே நின்றது.

"காதை விட்டுடு தாயே! உங்க ஜூரி எழுதின பதிலுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

மிசௌரியின் அந்தச் சிற்றூரில் வெகுகாலமாக சலூன் நடத்துகிறவள் வெர்னா. ராய்ஸ் டில்மன் வண்டிக் கம்பெனி மேல் போட்ட வழக்கில், தீர்ப்புச் சொல்ல ஊராரிலிருந்து எடுத்த ஜூரிக்குத் தலைவி அவள்தான். பின்னாலிருந்து லாரி மோதியதில் அவனுடைய பிக்கப் வண்டியின் இருக்கை மல்லாக்கச் சாய்ந்து, முதுகெலும்பு போய்விட்டது. வண்டியின் வடிவமைப்பில் குறை உண்டா என்ற கேள்விக்கு ஜூரி "இல்லை" என்றது. வடிவமைத்ததில் கம்பெனி அசட்டையாக இருந்ததா என்றதற்கு "ஆம்" என்று சொல்லி, நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது.

வேறென்ன செய்வார்கள்? ஜூரியில் பாதிப் பேரின் வாசலில் நிற்பதும் அதே வண்டிதான். அவர்களின் அப்பாமார் ஓட்டியதும் அதுதான். வண்டியைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை; கம்பெனிக்காரனைத் திட்ட மட்டும் எல்லோரும் தயார்.

கம்பெனி அப்பீல் போனது. பதில்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, வழக்கை முதலிலிருந்து நடத்துங்கள் என்றது. தங்கள் பதிலால் அவன் நஷ்டஈடு போய்விடுமோ என்று, அன்றிலிருந்து மளிகைக் கடையில் ராய்ஸின் சக்கர நாற்காலியைக் கண்டால் வெர்னா அடுத்த வரிசைக்குள் புகுந்துவிடுவாள்.

இன்று பொறுக்க முடியவில்லை. ராய்ஸின் வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கே வேலை பார்க்கும் நொரீன் எடுத்தாள்.

"தூக்கி எறிஞ்சாங்களா? ஆமாக்கா, அவங்க அப்பீலை!"

"பதில் தப்புன்னு சொல்லலையா?"

"முரண்தான்னாங்க. ஆனா நீங்க கோர்ட்டுல உக்காந்திருக்கும்போதே அவங்க வக்கீல் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணுமாம். சொல்லியிருந்தா உங்களைத் திருப்பி அறைக்கு அனுப்பி, சரிபண்ணிட்டு வரச் சொல்லியிருப்பாங்க. அப்ப வாயை மூடிட்டு, இப்ப வந்து அழுதா எப்படின்னு கேட்டுட்டாங்க."

வெர்னாவுக்கு அந்த வக்கீல் நினைவுக்கு வந்தார். ஜூரியின் பதில்களை வாசித்து முடித்து, வேறேதும் உண்டா என்று நீதிபதி கேட்டபோது, "இல்லை ஐயா" என்று பையை மூடிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அக்கா, என் மறுபக்கம்?" என்றான் டுவைட்.

"பாதித் தலையோட இருடா, வதந்தி பரப்பினதுக்கு."

ராய்ஸின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் வர நேரமாகும். அவள் போனை வைக்கவில்லை.