தட்டிப் பார்த்து வாங்கிய பம்பு

எங்கள் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பிக்கை வராது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பதினோரு வருடமாக அதுதான் அவருக்கு வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே காப்பி டம்ளரைத் தட்டிப் பார்த்த மனுஷர். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

2004 ஆடியில் அந்த வேலைக்கே ஆபத்து வந்தது. கம்பெனி ரோடு முழுக்க உடைந்த பீங்கான் சில்லு. புது டியூப் போட்டாலும் ஒரு வாரம்தான். ராத்திரி நிறுத்திய சைக்கிள் காலையில் காற்றிறங்கி நிற்கும். கேட் சாத்துவது ஏழு மணிக்கு, பஞ்சர் கடை திறப்பது எட்டுக்கு. ஒரே மாதத்தில் மூன்று நாள் லேட். சூப்பர்வைசர் சாமிதுரை, இன்னொரு நாள் லேட்டானால் வேலைக்கே வரவேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. 

மறுநாள் சாயங்காலம் ஆதிநாராயணன் சைக்கிள் கடைக்குப் போனோம். காற்று மெல்லத்தான் கசியும், காலையில் அடித்துவிட்டால் கம்பெனி வரை தாங்கும். வீட்டிலேயே நின்றபடி காற்றடிக்கும் பம்பு ஒன்று வேண்டும், கையில் இருநூறு ரூபாய்தான். அந்த விலைக்கு இரண்டு இருந்தன. ஒன்று லேசான தகரப் பம்பு, புதுசு. இன்னொன்று கனத்த இரும்பு. இரண்டு வருடமாக விற்காமல் கிடப்பதால் குறைத்துத் தருவதாகக் கடைக்காரரே சொன்னார். சேத்தியாத்தோப்பில் என் அண்ணன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன், எனக்குப் பம்பு தெரியும். தகரப் பம்பின் குழாய் வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு அடித்தேன். காற்று விரலைத் தள்ளிவிட்டது, நல்ல பம்புதான். இரும்பையும் அப்படிப் பார்ப்போம் என்றேன்.

"நீ சும்மா இரு. எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்," என்றார், கடைக்காரர் எதிரிலேயே.

இரண்டையும் தட்டினார். தகரம் டொக்கென்றது, இரும்பு கணீரென்றது. இரும்பைத் தூக்கிக்கொண்டார். டயரில் காற்று இருந்ததால் வீட்டிலும் அடித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆறரைக்கு டயர் தரையோடு தரை. இவர் பம்பை மாட்டி அடித்தார். கைப்பிடி தொளதொளவென்று இறங்கியது, டயர் அசையவில்லை. இன்னும் வேகமாக அடித்தார். வேர்த்துக் கொட்டியது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நிறுத்திவிட்டுப் பம்பைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகக் கணீரென்றது.

"நகருங்க" என்று பிடுங்கினேன். மூடியைத் திருகிக் கம்பியை உருவினால், அடியில் காற்றைத் தள்ளுகிற தோல் வாசர் காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயை ஊற்றி, விரலால் நீவி நீவி விரித்தேன். திரும்பப் பூட்டி அடித்தபோது கைப்பிடி கனத்தது. டயர் மெல்ல எழும்பியது. கம்பெனி வழக்கமாகக் கால் மணி நேரம் பிடிக்கிற தூரம். ஆறு ஐம்பதுக்குத்தான் கிளம்பினார். சாப்பாட்டுத் தூக்கையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏழு மணிச் சங்கு ஊதியது. கேட் சாத்தியிருந்தால் ஏழரைக்குள் திரும்பிவிடுவார். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் தெருவை எட்டிப் பார்த்தேன். பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார். பத்து மணிக்குத்தான் எழுந்து பல் விளக்கினேன்.

சாயங்காலம் வந்தவர், கேட்டைப் பாதி சாத்தும்போது உள்ளே நுழைந்ததாகச் சொன்னார். பம்பை எடுத்து, குழாய் வாயில் கட்டை விரலை வைத்து ஒரு அடி அடித்துப் பார்த்தார்.

"இதுக்கு எத்தினி நாளைக்கு ஒருதரம் எண்ணெய் போடணும்?"

ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில், சோறு ஆச்சா என்பதைத் தவிர அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கண் கலங்கிவிட்டது. வாரம் ஒருதரம் என்றேன்.