முதல் பிரசவம் எந்த மாநிலத்தில்?

போன செவ்வாய்க்கிழமை பங்காருப்பேட்டை தாலுகா ஆபீசில் என் மகளை வேறு மாநிலத்துக்காரி ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூத்தவள் கலா பி.யு.சி. முடித்துவிட்டுப் பெங்களூரில் நர்ஸிங் படிக்க மனு போட்டிருந்தாள். இடம் கிடைத்தது. ஆனால், கர்நாடகாவைச் சேர்ந்தவள் என்று தாலுகா ஆபீஸ் சான்றிதழ் வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளி; மைன்ஸில் பகல் ஷிஃப்ட். ஆகவே மாரிகுப்பம் ரயிலில் அவளோடு கிளம்பியது நான்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே! என் ஸ்டாப் வந்தால் ‘நிறுத்துங்க’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள்...

கவுன்டரில் ஒரு பெண் கிளார்க். இளம் வயது. பெரிய வயிற்றோடு, மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே சிரமப்பட்டு உட்கார்ந்திருந்தார். கலாவின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். பிறந்த இடம் — குடியாத்தம், வட ஆற்காடு மாவட்டம். அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். இது தமிழ்நாடு, அங்கே போய் வாங்குங்கள் என்றார் கன்னடத்தில்.

அங்கே போனால்? நீங்கள் குடியிருப்பது கர்நாடகா, அங்கே போங்கள் என்பார்கள். அதுவும் வட ஆற்காடு மாவட்டமே இப்போது இல்லை. பிரித்து, பெயர் மாற்றி, வேலூர் ஆக்கிவிட்டார்கள். இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? என் மாமனார் பிறந்தபோது ‘மைசூர் மைன்ஸ்’ சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடு மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. கணவர் பிறந்தபோது மைசூர் மாநிலம். இப்போது கர்நாடகா. வீடு ஓர் அடிகூட நகரவில்லை.

குடியாத்தம் என் அம்மா வீடு. முதல் பிரசவத்துக்குப் பெண் வேறு எங்கே போவாள்? ஐந்து மாதக் குழந்தையோடு இங்கே திரும்பினேன். அடுத்தவன் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஆக, தம்பி கர்நாடகா, அக்கா தமிழ்நாடு. ஒரே தட்டுக்குச் சண்டை போடுகிற இரண்டு மாநிலங்கள்!

ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தேன் என்று கலா நல்ல கன்னடத்தில் சொல்லிப் பார்த்தாள். கிளார்க் பிறந்த இடத்தின் மீது விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னாம்மா, நீயாச்சும் பேசேன். சீட்டு பூடும்மா.”

பேசினேன். எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்த கன்னடத்தில், உங்களுக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், எட்டு என்றார். பிரசவம் எங்கே? ‘தவரு மனெ’யில்தான் என்றார். அம்மா வீட்டை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அது எந்த ஊர்?

“குப்பம்.”

குப்பம் இருப்பது ஆந்திராவில். சொல்லி முடித்த பிறகுதான் அவர் கையிலிருந்த பேனா நின்றது.

வரிசையில் எனக்குப் பின்னால் கூடையோடு நின்ற அம்மாள் விடுவாரா?

“அப்ப உன் புள்ளைக்கு ஆந்திராவுல போயி வாங்கிக்கோ, பாப்பா.”

வரிசையே சிரித்தது. கிளார்க்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பால் சான்றிதழ் வந்துவிடுமா? வராது. ஆனால், ஸ்கூல் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, மெல்ல எழுந்து, தாசில்தார் அறைக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. அவர் குரல் மட்டும் வெளியே கேட்டது... பிரசவம் எங்கே, அம்மா வீடு எந்த ஊர் என்று நான் கேட்ட அதே கேள்விகள், என்னைவிடச் சத்தமாக!

மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. கலா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கிளார்க் என்னை அருகில் கூப்பிட்டார். பேசாமல் பங்காருப்பேட்டையிலேயே குழந்தையைப் பெற்றுக்கொள்ளட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“நீங்க உங்க அம்மா வீட்டுக்கே போங்க. புள்ள படிக்கிற ஸ்கூல் சர்டிபிகேட்ட மட்டும் பத்திரமா வெச்சுக்கங்க” என்றேன்.

மாநிலங்களுக்குக் கோடு போட்டவர்களில் ஒருவராவது முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், கோடு கொஞ்சம் வளைந்திருக்கும்!