இரு என்ற சொல்

பயந்துபோய் அசையாமல் நிற்கும் உயிரும், நம்பி அசையாமல் நிற்கும் உயிரும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அப்படியானால் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? இருக்கிறதா என்ன? எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்மணி பதினோரு ஆண்டுகளாகக் குதிரைக்குட்டிகளை நிற்கப் பழக்கி வந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குக் கேள்வியாகவே பட்டது.

அந்த லாயம் அவருடைய அக்காள் கணவருடையது. ஆறு குதிரைகளுக்குத்தான் இடம். அங்கே பிறக்கும் குட்டிகளைக் கண்காட்சிக்குத் தயார் செய்வதே தொழில். வளையத்துக்குள் நடுவர் முன்னால் குட்டி நேராக நடக்க வேண்டும், பக்கத்தில் ஓடுபவரோடு சேர்ந்து ஓட வேண்டும், கடைசியில் நான்கு கால்களையும் ஒழுங்காக ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். மேலே யாரும் ஏறுவதில்லை. ஏறும் வயதும் அவற்றுக்கு இல்லை.

அக்காளின் பிள்ளைகள் அவரைச் சின்னம்மா என்று அழைக்க, ஊரே அந்த உறவை இரவல் வாங்கிக்கொண்டது. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த லாடக்காரருக்கும் அவர் சின்னம்மாதான். "உங்களுக்கு நான் சின்னம்மான்னா, எங்க அக்கா உங்களுக்கு யாருண்ணே?" என்று ஒருமுறை கேட்டார். "பெரியம்மா. அதனாலதானே அவங்க திட்டினா வாயத் தொறக்காம வாங்கிக்கிறேன்" என்றார் லாடக்காரர்.

சின்னம்மா குதிரைகளோடு வளர்ந்தவர் அல்ல. ஒன்பது வருடம் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அறையில் வேலை பார்த்தவர். அக்காளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு வாரம் கூடமாட ஒத்தாசைக்கு வந்தார். இரண்டு வாரம் முடிந்தது, அவர் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்: "அங்க வர்றவங்களுக்கு நான் எலும்பத்தான் பாப்பேன். இங்க தோலு, முடி, மூச்சு எல்லாம் இருக்கு."

அவர் வேலை செய்வதை வேலிக்கு இப்பாலிருந்து பல காலைகள் பார்த்திருக்கிறேன். முதலில் கை. பிரஷ்ஷை எடுக்கும் முன் உள்ளங்கையால் குட்டியின் கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை தடவி வருவார். எங்காவது சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, தோல் துடிக்கிறதா என்று கை பார்த்துக்கொள்ளும். பிறகு ரப்பர் சீப்பால் வட்டம் வட்டமாகத் தேய்த்து உதிர்முடியை எடுப்பார். பிறகு கெட்டிப் பிரஷ், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியில் பழைய பனியன் துணி. குளிப்பாட்டும் தண்ணீரின் சூட்டைக் குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கையால் பார்ப்பார். கண்ணோரத்தை ஒரு பஞ்சால் துடைத்தால், மூக்கோரத்துக்கு வேறு பஞ்சு. குளம்பை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குடைந்து சுத்தம் செய்து, எண்ணெய் தடவுவார். நான்காவது குளம்பைக் கீழே வைக்கும்போது அதைப் போட்டுவிட மாட்டார். தரை தொடும்வரை கையோடு கொண்டுபோய் வைப்பார். "திடீர்னு விட்டா, அடுத்த தடவ எதை நம்பிக் குடுக்கும்?"

இப்போது கடுகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடுகு, செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குட்டி. பிறந்தபோது உருவம் சிறியது, தொட்டால் பொரிந்தது. பெயர் தானாக வந்தது. ஒரு வயதில் அவளைப் பழக்கியவர் சின்னம்மா அல்ல, அவருடைய அத்தான், அதாவது அக்காள் கணவர். அவர் முறை அந்தக் காலத்து முறை: "நில்லு!" என்று ஓர் அதட்டல், கூடவே மூக்கின்மேல் படியும் சங்கிலியில் ஒரு சுண்டல். கெட்ட மனிதர் இல்லை. நோய்வந்த குதிரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தவர். அவருக்குக் கற்பித்தவர்கள் அப்படிக் கற்பித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடக் கண்காட்சியில் கடுகு வளையத்துக்குள் இரண்டு கால்களில் எழுந்து நின்றாள். அத்தான் கையிலிருந்து கயிறு பறந்தது. அவள் தடுப்புப் பலகையைச் சாய்த்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். யாருக்கும் அடியில்லை. ஆனால் கண்காட்சிக் குழுவிலிருந்து கடிதம் வந்தது: இன்னொருமுறை இப்படி நடந்தால் இந்தக் குதிரைக்கு இனி எந்த வளையத்திலும் அனுமதி இல்லை.

கடிதத்தை மடித்துவைத்துவிட்டு அத்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அடுத்த கண்காட்சி வரைக்கும் பாப்பேன். அதுல நின்னா இருக்கட்டும். நிக்கலன்னா மறுநாள் வியாபாரி வண்டி வரும். அவங்க வண்டியில பூட்டுவாங்களோ எங்கயாவது விப்பாங்களோ, அது அவங்க பாடு. ஆறு எடந்தான் இருக்கு. நிக்காததுக்கு எடமில்ல."

"நான் பாத்துக்கறேன், அத்தான்" என்றார் சின்னம்மா.

"பாத்துக்கறதுக்கு என்ன இருக்கு? அது எக்ஸ்ரேவா?" என்றாள் அக்காள்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கடுகு நடந்தாள், ஓடினாள், குடைக்குப் பழகினாள், ஒலிபெருக்கிக்குப் பழகினாள், காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ராணிபோல நடந்துபோனாள். நிற்கமட்டும் மாட்டேன் என்றாள். சின்னம்மா சங்கிலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். குரலைத் தேன்போல ஆக்கிப் பார்த்தார். பயனில்லை.

காரணம் தெரிந்தது லாடக்காரரால். அன்று அவர் கடுகின் பக்கத்துத் தடுப்பில் வேறொரு குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். கை தவறி உருண்ட ஆணியைப் பார்த்து, "ஏய், எங்க ஓடுற, நில்லு" என்றார். அந்தப்பக்கம் கடுகு எகிறிச் சுவரில் மோதினாள். யாரும் அவளைத் தொடவில்லை. கயிறுகூட இல்லை.

"ஆணியத்தான் சொன்னேன், சின்னம்மா. சத்தியமா ஆணியத்தான்."

சின்னம்மா திரும்பி, தான் கழற்றி மாட்டிய சங்கிலியைப் பார்த்தாராம். அத்தனை மாதமாக அவர் கடுகிடம் கேட்டுக்கொண்டிருந்ததே அந்தச் சொல்லைத்தான். சங்கிலி ஆணியில் தொங்கியது. ஆனால் சொல்லுக்குள் சங்கிலி இருந்தது. எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அவள் மூக்குக்கு அது வலித்தது.

புதிய சொல்லை அவர் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடுகின் பிடரிமயிரைச் சிறுசிறு பின்னல்களாகப் பின்னிக்கொண்டிருந்தார். வாயில் நூல். கடுகு தலையை ஆட்டினாள். தலை பின்னும் எந்தத் தாயும் சொல்வதைச் சின்னம்மாவின் வாய் தானாகச் சொன்னது: "இரு, இரு, ஆச்சு."

கடுகு இருந்தாள்.

தூக்கியிருந்த பின்னங்காலைத் தரையில் ஊன்றினாள். காதுகள் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தன. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. சின்னம்மா பின்னுவதை நிறுத்தினார். எக்ஸ்ரே அறையில் அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்ன சொல் அது. அசையாதீங்க என்றால் அசைவார்கள். இருங்க என்றால் இருப்பார்கள். படம் எடுத்தபின் "மூச்சு விடுங்க" என்பார். கடுகுக்கு அந்த இரண்டாவது பகுதியைச் சொல்லாகச் சொல்லவில்லை. தானே மூச்சை விட்டுக் காட்டினார். அவர் மூச்சு விட்டால் அவள் நகரலாம். பத்தே நாளில் இருவருக்கும் அது ஒப்பந்தமாகிவிட்டது.

நம் மொழியில் இந்தச் சொல் காத்திரு என்பதற்கும் உயிரோடிரு என்பதற்கும் ஒன்றாகவே நிற்கிறது. ஒரு மிருகம் இரண்டையும் சேர்த்தே கேட்டதோ என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஆனால் வீட்டுக்கு அது பெரிய தொல்லை. அக்காள் சமையலறை ஜன்னலோரம் தொலைபேசியில் "இரு, அடுப்ப அணைச்சிட்டு வர்றேன்" என்றால், மேய்ச்சலில் ஓடிக்கொண்டிருந்த கடுகு சிலையாகிவிடுவாள். பிறகு சின்னம்மா போய்ப் பக்கத்தில் நின்று மூச்சு விட வேண்டும். கடைசியில் லாயத்திலும் வீட்டிலும் அந்தச் சொல்லுக்குத் தடை விழுந்தது. எல்லோரும் "பொறு" என்றே சொல்ல வேண்டும்.

"என் பேச்சே மாறிப்போச்சு, சின்னம்மா" என்றார் லாடக்காரர். "வீட்டுல பொண்டாட்டிகிட்டயும் பொறு, பொறுங்கிறேன். முப்பது வருசமா நாந்தானே பொறுத்துக்கிட்டிருக்கேன், இனிமேயுமான்னு கேக்குறா."

வெளியுலகமும் அதே மொழியைத்தான் பேசுகிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கண்காட்சி நாளில் இரண்டு வயதுக் குட்டிகள் எட்டு. கடுகு ஏழாம் எண். அவள் மினுமினுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் விலகியபோது கூட்டத்தில் பேச்சு ஒரு நொடி குறைந்தது, அது போதும். நேராக நடந்தாள். பிறகு எட்டும் வட்டமாக ஓட ஆரம்பித்தன. சின்னம்மா அவளுடைய இடது தோளை ஒட்டி ஓடினார், கயிறு தொய்வாக. அத்தான் வேலியோரம் என் பக்கத்தில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில், வேலிக்கயிற்றில் ஏறிய தன் பிள்ளையைப் பார்த்து யாரோ ஒரு தாய் கத்தினாள்: "ஏய் இரு, விழுந்துருவ!"

ஓட்டத்தின் நடுவில் கடுகு நின்றாள். இடறவில்லை, திமிறவில்லை. ஓர் அடியில் வேகத்தை உள்வாங்கி, நான்கு கால்களையும் புல்லில் ஊன்றி, கழுத்தை உயர்த்தி இருந்தாள். பின்னால் வந்த குதிரை விலகி ஓடியது. ஓட வேண்டிய இடத்தில் நிற்பது பிழை.

"ஏழாம் எண், தொடர்ந்து ஓடவும்" என்றது ஒலிபெருக்கி.

சின்னம்மா கயிற்றை ஒரு சுண்டு சுண்டியிருக்கலாம். ஒரே ஒரு சுண்டல். அவள் ஓடியிருப்பாள், பிழை சிறிதாகியிருக்கும். ஒரு மூச்சு விட்டிருந்தாலும் போதும். ஆனால் பதறிய மூச்சு உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதைப் பொய்யாக விட அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். கையைக் கீழே தொங்கவிட்டு அவரும் நின்றார்.

மற்ற ஏழும் அவர்களைச் சுற்றி ஓடின. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. மண் தெறித்தது. எங்கோ ஒரு கொடி படபடத்தது. ஒரு கறுப்புக் குட்டி கனைத்தது. கடுகின் தோலில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது. அத்தான் "நட... நட தாயி..." என்று தொண்டைக்குள் முனகியது எனக்குக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வேலியோரம் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. மனிதர்கள் கோயிலில்கூட அப்படி அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. அவள் அடங்கி நிற்கவில்லை. அங்கே இருந்தாள், அவ்வளவு முழுமையாக எதுவும் ஓரிடத்தில் இருந்து நான் கண்டதில்லை.

நடுவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள். கிட்டே வந்து கடுகை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஏம்மா நின்னுட்டீங்க?"

"அவள இருக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"தெரியலீங்க. கூட்டத்துல யாரோ."

"அப்ப எப்பத்தான் கிளம்புவா?"

"எனக்கு மூச்சு வந்ததும்."

நடுவர் சிரிக்கவில்லை. இரண்டடி பின்வாங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சின்னம்மாவின் தோள்கள் இறங்கின. மூச்சு வந்தது. கடுகு நடந்தாள்.

கடைசியில் எட்டையும் வரிசையாக நிறுத்தியபோதும் அசையாமல் இருந்தாள். கிடைத்தது நான்காம் இடம். முதல் மூன்றுக்குத்தான் ரிப்பன். முடிந்தபின் நடுவர் அத்தானைத் தேடி வந்தார். "விதிப்படி அதுக்கு மேல தர முடியல. ஆனா ஒண்ணு சொல்றேன். மத்ததெல்லாம் நிறுத்தி வெச்சது. அது ஒண்ணுதான் நின்னுச்சு."

அத்தான் கசங்கிய தொப்பியை நீவித் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு வியாபாரிக்கு அழைத்தார். "வண்டி வேணாம்பா... இல்ல, ரிப்பன் கெடைக்கல. நிக்கணும்னுதானே சொன்னேன்? நின்னுடுச்சு. ஆமா. வெச்சிடுறேன்."

லாடக்காரர் மூக்கைச் சிந்தினார். "ஒண்ணுமில்ல, புல்லுத்தூசி" என்றார். "ஆமா, ஒங்க ஒருத்தருக்கு மட்டும் தூசி" என்றாள் அக்காள், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த வருடம் கடுகு மூன்று வயதுப் பிரிவில் பதிவானாள். முந்தைய ஆண்டைப்போலவே சின்னம்மா விடியலில் எழுந்து குளிப்பாட்டினார், பின்னினார், குளம்புக்கு எண்ணெய் தடவினார். வெள்ளைச் சட்டை போட்டு, எண் அட்டையையும் முதுகில் கட்டிக்கொண்டார். வளையத்தின் வாசலில் பெயர் கூப்பிட்டார்கள். அப்போது அவர் அட்டையை அவிழ்த்து அத்தான் முதுகில் கட்டினார். கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க, அத்தான்."

"நானா?"

"ம்."

அத்தான் கடுகைப் பார்த்தார். கடுகு அத்தானைப் பார்த்தாள். இருவரும் உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு சின்னம்மா ஐந்து குட்டிகளைப் பழக்கியிருக்கிறார். ஒவ்வொன்றையும் வாசல்வரை கொண்டுவருவார். அங்கே கயிற்றை வேறு கையில் கொடுத்துவிடுவார். வளையத்துக்குள் மட்டும் அவர் மறுபடி காலெடுத்து வைக்கவில்லை. ஏன் என்று அக்காள் சண்டை போட்டுக் கேட்டாள், லாடக்காரர் கேலி பண்ணிக் கேட்டார், நானும் ஒருமுறை கேட்டேன். குதிரையின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தவர், வாசலில் கயிற்றை நீட்டுவதுபோலவே ஒரு முனையை என்னிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.