உப்புப் போட்ட பழ வெண்ணெய்

எனக்கு எட்டு வயதில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். ஒன்றரை வருடம் கழித்து அப்பா மலைக்குக் கீழே இருக்கிற காரவள்ளியிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். அடிவாரத்துக் கோயிலில் தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறினோம். சித்தி என் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். நான் எழுந்து டிரைவருக்குப் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் நின்றபடியே ஏறியதாகத்தான் எனக்கு நினைவு. பாதி வழியில் நான் வாந்தி எடுத்ததாகவும், என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றது சித்திதான் என்றும் அப்பா சொல்வார்.

மலைமேல் நாடு என்று சொல்கிற ஊர்க்கூட்டங்களில் ஒன்றான பைல் நாட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளியும், நிழல் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளும், ஓர் எருமையும் இருந்தன. சித்தி வந்த இரண்டாவது வாரத்திலேயே எருமை அவரிடம் பழகிவிட்டது. எனக்கு அதன்மேலும் கோபம். அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று தினமும் முயன்றேன். சோறு குழையவில்லை, சடை கோணவில்லை, என்னை ஒருநாளும் அதட்டவில்லை. ஒரு குறையும் அகப்படாததுதான் அவரிடம் நான் கண்ட பெரிய குறை. வேறு வழியில்லாமல் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். சித்தி என்றுகூடக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

கல்யாணத்துக்கு முன் சித்தி ஆறு வருடம் நாமக்கல்லில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்டதோ, அவரே கண்டுபிடித்ததோ, பழமும் பருப்பும் போட்டு ஒரு வெண்ணெய் செய்வார். ஐந்து நாள் பாலாடையைச் சேர்த்து உறை ஊற்றுவார். கரண்ட் இருந்தால் மிக்ஸியில் அடிப்பார். மலையில் கரண்ட் அவ்வளவு நம்பிக்கையானது இல்லை. இல்லாத நாளில் வாயகன்ற பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, மடியில் வைத்துக்கொண்டு குலுக்குவார். திரண்டு வந்த வெண்ணெயை மூன்று தண்ணீரில் கழுவிப் பிழிந்து வைப்பார். அன்னாசியைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் வெல்லம் போட்டு, இரும்புச் சட்டியில் ஈரம் வற்றும்வரை கிளறுவார். நான் பேசாததால் அவர் சட்டியிடம்தான் பேசுவார்.

"தண்ணி நல்லா வத்தோணும் பாத்துக்க. ஈரம் இருந்தா வெண்ணெயோட சேராது, பிரிஞ்சு நிக்கும்" என்பார் சட்டியைப் பார்த்து. நான் அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆறிய அன்னாசியையும், வறுத்து உடைத்த முந்திரியையும், தோல் நீக்கிய நிலக்கடலையையும் வெண்ணெயில் போட்டுக் கையாலேயே அடித்து நுரைபோல ஆக்குவார். சூடான கேழ்வரகு ரொட்டியில் ஒரு கரண்டி வைத்தால் ஓரம் உருகி வழியும். எனக்கு வேண்டாம் என்று சுவரிடம் சொல்லிவிடுவேன். அவர் வற்புறுத்த மாட்டார். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, அலமாரியில் எனக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் வைத்துவிட்டு எருமையைப் பார்க்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது கிண்ணம் காலியாக இருக்கும்.

"இந்த ஊர்ப் பூனைக்கு அன்னாசிகூடப் புடிக்குது பாருங்க" என்று அப்பாவிடம் சொல்வார். எங்கள் வீட்டுப் பக்கம் பூனையே கிடையாது.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவதாகச் சொன்னார். அத்தை அப்பாவுக்கு அக்கா. நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டவர். மலையிலிருந்து கீழே போனவர்தான் என்றாலும், கீழேயிருந்து ஒருத்தி மலைக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. அம்மா போன பிறகு என்னைப் பார்த்துப் பார்த்து அழுதவர் அவர்தான். அத்தைக்குச் சித்தியை நேரில் பார்த்தும் பிடிக்காமல் போனால், அப்பா சித்தியைக் காரவள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடுவார் என்று நானாகக் கணக்குப் போட்டேன்.

சித்தி சனிக்கிழமை முழுவதும் அந்த வெண்ணெயைத்தான் செய்தார். முந்திரியை வழக்கத்தைவிட இரண்டு பங்கு போட்டார். ஞாயிறு காலை அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் சட்டியைத் திறந்து, இரண்டு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். அது போதுமா என்று சந்தேகமாக இருந்தது. அப்பா பொடித்து வைத்திருந்த மிளகிலும் ஒரு கை போட்டுப் பிசைந்து, மேலே வழித்து விட்டு மூடிவைத்தேன்.

அத்தை வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "எளைச்சுப் போயிட்டியே சாமி" என்றார். நான் அப்போது நன்றாகவே சதை போட்டிருந்தேன். சித்தி சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து, அதன்மேல் தாராளமாக வெண்ணெயை வைத்தார். அத்தை ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

சித்தி சட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வலதுகை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. அவர் பார்வை ஒரு நொடிதான் என் மேல் இருந்தது.

"சர்க்கரைனு நெனச்சு உப்பப் போட்டுட்டனுங்கக்கா. டப்பா மாறிப் போச்சுங்க."

"மிளகுமா டப்பா மாறிப் போச்சு?"

சித்தி கொஞ்சம் யோசித்தார். "அது வாசத்துக்குப் போட்டதுங்க" என்றார்.

"அஞ்சு மாசமா இந்த லட்சணத்துலதான் புள்ளைக்குப் போடறயா? தாயில்லாத புள்ளைனா கேக்க ஆளில்லேனு நெனச்சுட்டயா?"

அப்பா, "கை தவறிருச்சு, உடு அக்கா" என்றார். அத்தை விடவில்லை. பேசிக்கொண்டே போனார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே நடந்தது. ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

சாயங்கால பஸ்ஸுக்கு அத்தையை அனுப்பச் சித்தியும் நானும் சோளக்காடு பஸ் ஸ்டாப் வரை போனோம். பஸ் வர நேரமிருந்தது. அத்தை என்னைப் பழக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டு, சித்தியைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். அன்னாசிக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதலில் அத்தை நிறையப் பேசினார். பிறகு சித்தி கொஞ்சமாகப் பேசினார். அதற்குப் பிறகு அத்தை பேசவே இல்லை. பஸ் வந்ததும் என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டு, "சொன்ன பேச்சுக் கேளு கண்ணு, நல்லாப் படி" என்று ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி வெண்ணெய்ச் சட்டியை வாசல் குழாயடிக்குத் தூக்கிப்போனார். கொட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இங்க வா கண்ணு. பத்துத் தண்ணியில கழுவுனா உப்பு எறங்கிரும். நான் கழுவறேன், நீ தின்னு பாத்துச் சொல்லு."

உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வடிப்பார். நான் ஒரு துளி எடுத்து வாயில் வைத்துத் தலையாட்டுவேன். திரும்ப ஊற்றுவார். நான்காவது தண்ணீரில் நானும் கையை உள்ளே விட்டேன். அன்னாசித் துண்டுகளும் முந்திரியும் தண்ணீரோடு போக, கோழிகள் ஓடிவந்து பொறுக்கின. மலைத் தண்ணீர் விரல் நுனியைக் கடித்தது. அவர் என் இரண்டு கையையும் எடுத்து முந்தானையில் சுற்றிக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, விட்டார்.

ஏழாவது தண்ணீரோ எட்டாவதோ. நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னும் கரிக்குது சித்தி" என்றேன்.

அவர் நிமிரவில்லை. குழாயை மட்டும் பெரிதாகத் திறந்தார். சட்டி நிரம்பி வழிந்து என் பாவாடையெல்லாம் நனைந்த பிறகும் அதை மூடவில்லை.

உப்பைப் பற்றி அன்றும் அவர் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அடுத்த வாரம் புது வெண்ணெய் செய்தார். அன்னாசியைக் கிளறியது நான். கிண்ணம் கீழ்த்தட்டுக்குப் போகாமல் நேராக என் தட்டுக்கு வந்தது. இப்போது சேலத்தில் என் மகளுக்கு அதைச் செய்து கொடுக்கிறேன். விடுமுறைக்கு மலைக்குப் போனால் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சித்தி மடிக்கே ஓடுகிறாள்.

போன வருடம் அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். பேச்சுவாக்கில்தான் அதைச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தது என்னை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போகத்தானாம். அப்பாவும் அரைமனதாகச் சம்மதித்திருந்தாராம். சித்தியை அனுப்பிவிட நான் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அனுப்பப்பட இருந்தவள் நான்.

"உப்புப் போட்டது நீதான்னு எனக்கும் தெரியும். உன் நகத்துல மிளகுப் பொடி ஒட்டியிருந்துச்சே. பஸ் ஸ்டாப்புல வெச்சு உன்ற சித்திகிட்டக் கேட்டேன். இப்படிக் கரிச்சுக்கொட்டற புள்ளைய எதுக்கம்மா வெச்சுக் கஷ்டப்படறே, எங்கூட அனுப்பிரு, உனக்கும் நிம்மதினு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

அத்தை கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"கோவத்தையாவது எங்கிட்டக் காட்டுதுங்களே அக்கா. அதையும் காட்ட ஆளில்லாம அங்க வந்து என்னங்க பண்ணும்? எங்கிட்டயே இருக்கட்டுங்கனு சொன்னா உன்ற சித்தி."

குழாயடியில் சித்தி தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லிவிட்டு வந்த அதே சாயங்காலம்தான். எனக்கு அது தெரியாது. உப்பு இறங்கியதா இல்லையா என்று மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.