பழைய பெக்டரியில் என் உச்சந்தலை

புசல்லாவை ரோட்டில் மூடிக் கிடந்த தேயிலை பெக்டரி ஒன்றை யாரோ வாங்கி, அதில் வைன் போடுகிறார்கள். கொடித்தோடையிலும் நாவல் பழத்திலும் போடுவதாம். கீழே பீப்பாக்கள். மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய நீளமான இடத்தில், படங்கள் மாட்டியிருக்கிறார்கள். அங்கே தான் வரைந்த படம் ஒன்றும் இருக்கிறது, வந்து பார் என்று என் மகள் கூப்பிட்டாள்.

மகள் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். இதை எழுதவே நாலு நாள் ஆகிவிட்டது. ஆனாலும் அவளைப் படிக்க வைத்தது நான். அந்தப் பெருமையோடு நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டி, சவுரி வைத்துக் கொண்டை போட்டு, பூவும் வைத்துக்கொண்டு போனேன்.

சவுரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிற்றை நாங்கள் உச்சந்தலையில்தான் மாட்டுவோம். முப்பது வருஷம் மாட்டினால், கயிறு அழுத்தின இடத்தில் முடி முளைக்காது. எனக்கு இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை. மலையில் வேலை செய்த பொம்பளைகள் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பதுதான். மற்றவர்கள் காட்டிக்கொண்டு திரிவார்கள், நான் காட்ட மாட்டேன். என் வீட்டுக்காரரே அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்ட மகளுக்கு மட்டும் தெரியும்.

கீழே புளித்த பழ வாடை. ஒருத்தர் கண்ணாடிக் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். வந்தவர்கள் மோந்து பார்த்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, ஒரு வாளியில் துப்பினார்கள்.

"என்னடி இது, காசு குடுத்து வாங்கித் துப்புறாங்க?"

"ருசி பாக்குறாங்கம்மா. கசிப்புச் சாராயம் இல்ல, பயப்படாம நீயும் ஒரு வாய் குடி."

"கசிப்பு குடிக்கிறவன் இதவிட மரியாத தெரிஞ்சவன்டி. ஊத்துனத வீணாக்க மாட்டான்."

ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள்.

மேலே ஏறினோம். ஒரு சுவரில் துருப்பிடித்த தகரங்களை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் வெறும் கறுப்புக் கோடு. இதற்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறதே என்று நினைத்துக்கொண்டே போனேன். கடைசிச் சுவரில், கதவு அளவுக்கு, மகளுடைய படம்.

ஒரு பொம்பளையின் முதுகுப்பக்கம். முகம் இல்லை. அவிழ்த்துப் போட்ட முடி, எண்ணெய் வைத்த தலை, உச்சியில் அந்த வழுக்கை. சட்டைக் கழுத்தில் வேறு நிற நூலால் தைத்த கிழிசல். அந்தத் தையல் நான் போட்டது. கீழே சின்ன அட்டையில் என்னவோ எழுதியிருந்தது. கூட்டி வாசித்தேன்: அம்மா.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர், கையில் கோப்பையோடு, நான் மறைத்து வைத்த இடத்தை நின்று பார்க்கிறார்களே. என் கை தானாகவே கொண்டைக்குப் போனது.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரம்மா ஒருத்தி படத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். மகளிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகம் பரீட்சை பாஸான அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

"அம்மா, இது நீயான்னு கேக்குறாங்க. நீயே சொல்லு, நா இங்கிலீசுல சொல்றேன்."

"நா இல்ல," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "நா உனக்கு அம்மாவும் இல்ல. ஊர்க்காரி, தொணைக்கு வந்தேன்னு சொல்லு."

அவள் அந்த வெள்ளைக்காரம்மாவிடம் அதை அப்படியே சொன்னாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைக்காமல் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. வெள்ளைக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து சீட்டை மகள் எனக்குத் தந்தாள். தண்ணீர் வாங்கித் தந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னை இறக்கிவிடும்போது கையைப் பிடித்து, பிறத்தியார் வீட்டுக் கிழவியை இறக்குகிற மாதிரி பதமாக இறக்கினாள்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. என் பின்தலையை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். அந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு முடியாக எழுதியிருந்தாள். அசிங்கப்படுத்த நினைத்தவள் அவ்வளவு நேரம் எடுத்து வரைவாளா? முகமே இல்லாத படத்தில் எனக்கென்ன மானம் போய்விடும்?

போன மாதம் கண்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். குட்செட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி திரீவீலர் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அலுமாரிக்குப் பின்னால் பேப்பர் சுற்றிய பெரிய சட்டம் ஒன்று, சுவரில் சாய்ந்தபடி. ஒரு இடத்தில் பேப்பர் கிழிந்து அந்தத் தையல் தெரிந்தது.

"ஏன் இத இங்க வச்சிருக்க? யாரும் வாங்கலியா?"

"கேட்டாங்க. எல்லாரும் படத்துல யாருன்னு கேக்குறாங்கம்மா. நா என்னத்தச் சொல்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். சீனி போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஸ் போய்விடும் என்று சொல்லி, தேத்தண்ணியை ஆற வைக்காமலே குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.